பொருளை ஒப்படைக்கும் முறை: உயிலும் வாரிசுரிமையும்

(நம் அறக்கட்டளையின் விழா மேடையில் ஆற்றப்பெற்ற உரை)



பூசையும் அறவுரையும் நிகழ்ந்த மேடையில் உயிலைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். மங்கல நாளில் இப்பேச்சு வேண்டுமா என்று குழுவின் மூத்தவர் ஒருவர் தயங்கியதாகவும் அறிந்தேன். அத்தயக்கம் இயல்பானதே. உயில் என்ற சொல்லை எடுத்தாலே, போகும் வேளையை நாமே குறித்துக் கொடுப்பது போல வீடுகளில் முகம் சுளிப்பர். ஆயினும் நம் சமயம் இறப்பைக் குறித்துப் பேசக் கூசும் சமயம் அன்று. சிராவகர்க்கு வகுக்கப்பெற்ற பதினொரு நிலைகளுள் ஒன்பதாவது பரிக்கிரகத் தியாகம். இல்லறத்தான் தன் பொருளின் மீதுள்ள உரிமையை விட்டு, மகனிடமோ உரிய பிறரிடமோ அதனை ஒப்படைத்து ஒதுங்கும் நிலை அது. ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் தானத்தை நான்கு வகையாகப் பகுத்துரைக்கும்போது, குடும்பப் பொறுப்பையும் பொருளையும் வழித்தோன்றலிடம் ஒப்படைப்பதையும் அந்வயதத்தி என்று அவற்றுள் ஒன்றாக வைத்தார். முறையாகக் கைமாற்றிக் கொடுப்பதும் தானமே என்பது பெறப்படுகிறது. ஆகவே இந்தப் பேச்சு இம்மேடைக்கு அயலானது அன்று.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுகிறேன். சமணர்க்கெனத் தனி வாரிசுரிமைச் சட்டம் உண்டா என்று இளைஞர் பலர் வினவுகின்றனர். ஒரு காலத்தில் அத்தகைய சட்டத்தை நீதிமன்றங்கள் ஏற்கச் செய்யப் பெருமுயற்சி நடந்தது. பத்திரபாகு சம்ஹிதை, அர்ஹந்நீதி முதலிய நூல்களைத் துணைக்கொண்டு பாரிஸ்டர் சம்பத்ராய் ஜெயின் 1926ஆம் ஆண்டில் சமணச் சட்டம் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மகனில்லாத ஒருவன் இறந்தால் அவன் பொருள் மனைவிக்கு முழு உரிமையுடன் சேரும் என்பது அந்நூல் மரபு கூறும் முறை. அக்காலத்து இந்துச் சட்டம் கைம்பெண்ணுக்கு ஆயுட்கால அனுபவத்தை மட்டுமே அளித்தது என்பதை நினைத்தால், நம் முன்னோர் எவ்வளவு முன்னே நின்றனர் என்பது விளங்கும். 1878இல் லண்டன் பிரிவி கவுன்சில், மகனில்லாத சமணக் கைம்பெண் கணவனின் முன்னனுமதி இன்றியே தத்தெடுக்கலாம் என்னும் வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டது.

இவையெல்லாம் இன்று வரலாறு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது. 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். அதனால் இந்நிலை மாறிவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். மாறவில்லை. அவ்வறிவிப்பு கல்வி நிறுவனங்களுக்கும் அரசின் நலத் திட்டங்களுக்கும் உரியது. சொத்து இறங்குமுறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உயில் எழுதினால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், எழுதாமல் இறந்தால் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் நம்மை ஆளும்.

உயில் எழுதாமல் இறந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு குடும்பத்தை வைத்துக் காண்போம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, சென்னையில் பணியாற்றி, புறநகரில் தம் சம்பாத்தியத்தில் ஒரு வீடு கட்டிய ஒருவர் தம் அறுபதாம் வயதில் திடீரென மறைகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கின்றனர். ஊரில் எண்பத்தைந்து வயதுத் தாயாரும் இருக்கிறார். இவ்வீடு யாருடையது என்று கேட்டால், அவையில் பெரும்பாலோர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்பீர்கள். சட்டம் அவ்வாறு கூறவில்லை. மகன், மகள், மனைவி, தாய் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். நால்வர்க்கும் சமமாகக் காற்பங்கு. தந்தை உயிருடன் இருந்தாலும் அவர் இரண்டாம் வகுப்பில்தான் வருவார். அவருக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு உண்டு. ஈன்றவளுக்கு இறந்த மகனின் பொருளில் பங்கு தருவது அறமே என்று நானும் கருதுகிறேன். தொல்லை அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது.

ஈராண்டு கழித்து அத்தாயாரும் உயில் எழுதாமல் மறைகிறார். அவருக்குக் கணவர் முன்னரே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர்: இறந்த இம்மகன், இன்னொரு மகன், ஒரு மகள். தாயாரின் காற்பங்கு இப்போது மூன்றாகப் பிரியும். இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்ந்து 12இல் ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு 12இல் ஒரு பங்கு, அத்தைக்கு 12இல் ஒரு பங்கு. சித்தப்பாவும் அத்தையும் அவ்வீட்டில் ஒரு செங்கல் வைக்காதவர்கள். வைக்கவேண்டும் என்று நினைத்தவர்களும் அல்லர். எனினும் வீட்டில் ஆறில் ஒரு பங்கு அவர்கள் பெயரில் நிற்கிறது. மகன் அவ்வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டால் வங்கியின் வழக்குரைஞர் அவர்கள் கையெழுத்தைக் கேட்பார். அதற்குள் சித்தப்பா மறைந்தால், சித்தியும் அவர் பிள்ளைகளும் வருவர். அவர்களுள் ஒருவர் துபாயிலும் ஒருவர் அமெரிக்காவிலும் இருப்பர். யாரும் பேராசைக்காரர் அல்லர். ஆயினும் ஒரு பத்திரத்தில் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டிய நிலை வந்துவிட்டால், அப்பத்துப் பேரில் ஒருவர்க்கு எப்போதோ ஒரு திருமணத்தில் நேர்ந்த மனத்தாங்கல் நினைவுக்கு வந்துவிடும். என் தொழிலில் நான் கண்ட பாகப்பிரிவினை வழக்குகளில் பாதிக்கு மேல் பொருளாசையால் தோன்றியவை அல்ல. இத்தகைய எண்ணிக்கையால் தோன்றியவை.

அவர் ஒரு தாளில் பத்து வரி எழுதி, இருவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருந்தால் இவை எவையும் நேர்ந்திரா. தாயாரின் பராமரிப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கி, வீட்டை மனைவிக்கு எழுதியிருக்கலாம்.

தாய்மார்களுக்கு இதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பொருள் செல்லும் வழி வேறு. கணவனும் பிள்ளைகளும் முதல். அவர்கள் இல்லையெனில் கணவனின் வாரிசுகள். அவர்களும் இல்லாதபோதுதான் பெண்ணின் தாயும் தந்தையும். பிறந்த வீட்டிலிருந்து வாரிசுரிமையாக வந்த பொருள், பிள்ளைகள் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற விலக்கு உண்டு. ஆனால் அவரே படித்து, வேலை பார்த்து, சேமித்த பொருளுக்கு அவ்விலக்கு இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக்கியது. மணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டினரால் வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து வேலைக்குச் சென்ற ஒரு பெண், பிள்ளையின்றியும் உயிலின்றியும் மறைந்தார். அவர் ஈட்டிய பொருள் அனைத்தும் வளர்த்துப் படிக்கவைத்த தாய் வீட்டுக்கு அன்றி, கணவன் வழி உறவினர்க்கே சேரும் என்று நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் அவ்வாறு இருக்கையில் இரக்கத்துக்கு இடமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் பெண்கள் ஆசிரியைகளாக, மருத்துவர்களாக, கணினிப் பொறியாளர்களாகப் பொருள் ஈட்டுகின்றனர். 1956 முதல் பெண்ணின் பொருளுக்கு அவரே முழு உரிமையாளர். அவ்வுரிமையில் உயில் எழுதும் உரிமையும் அடங்கும். அதற்குக் கணவனின் இசைவோ மகனின் கையெழுத்தோ வேண்டியதில்லை.

பூர்வீகச் சொத்தைப் பற்றிச் சில சொற்கள். திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பக்கத்து ஊர்களில் நன்செயும் புன்செயும் பாட்டன் பெயரிலேயே பட்டா நிற்க, பேரன்மார் சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்நிலத்தில் மகளிர்க்குப் பங்கில்லை என்னும் பழைய எண்ணம் இன்னும் மறையவில்லை. தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை அளித்தது. நடுவணரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டையே நீக்கிற்று. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் வினிதா சர்மா வழக்கில் தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னரே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளைத் திறக்க முடியாது என்பதே எஞ்சிய வரம்பு. "சீர் செய்தாகிவிட்டது, நகை போட்டாகிவிட்டது" என்பது குடும்பத்துக்குள் பேசும் பேச்சு. நீதிமன்றத்தில் அது எடுபடாது. மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே ஒருவர் உயில் எழுத முடியும். முழு நிலத்தையும் ஒரு மகனுக்கு எழுதிவைத்தால், அவர் பங்களவுக்கே அவ்வுயில் செல்லும்.

இனி உயில் எழுதும் முறை. பலர் எண்ணுவது போல் இது கடினமானது அன்று. முத்திரைத் தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாளே போதும். தமிழில் எழுதலாம். பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். எழுதுபவர் கையெழுத்திட வேண்டும். இயலாதவர் கைரேகை வைக்கலாம். அவர் கையெழுத்திடுவதைக் கண்ட அல்லது அது தம் கையெழுத்தே என்று அவர் வாயால் கூறக் கேட்ட இருவர், அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். சட்டம் கோருவது இவ்வளவே.

சட்டம் கோராத சிலவற்றை அனுபவம் கோருகிறது. சாட்சிகள் இருவரும் உங்களினும் இளையோராக இருக்கட்டும். உயில் நீதிமன்றம் செல்லும்போது சாட்சிகளில் ஒருவரேனும் வந்து மெய்ப்பிக்க வேண்டும். நண்பர்கள் என்று எழுபது வயதினர் இருவரைச் சாட்சியாக வைத்து, எழுதியவர்க்கு முன்னரே இருவரும் மறைந்த உயில்களைக் கண்டிருக்கிறேன். உயிலால் பயன் பெறுபவரையும் அவர் துணைவரையும் சாட்சியாக வைக்காதீர்கள். நாள், இடம் இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் அருகிலும் கையெழுத்திட்டுச் சாட்சிகளையும் இடச்செய்யுங்கள். சொத்தைச் சர்வே எண், பரப்பு, பத்திர எண்ணுடன் குறியுங்கள். "ஊரில் உள்ள என் நிலம்" என்று எழுதினால் அடுத்த தலைமுறைக்கு எந்த நிலம் என்றே தெரியாது.

பிள்ளைகளில் ஒருவர்க்குக் குறைத்தோ ஒன்றும் வைக்காமலோ எழுதினால், காரணத்தை உயிலிலேயே ஓரிரு வரியில் குறிப்பிடுதல் நலம். சினத்தோடு எழுத வேண்டாம். "மூத்த மகனின் மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் முன்னரே உதவியுள்ளேன்" என்று எழுதினால் போதும். 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றளவும் நின்று நிலவுகிறது. உயிலில் ஐயத்துக்குரிய சூழல்கள் காணப்பட்டால் அவற்றை அகற்றும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. நெருங்கிய வாரிசைக் காரணமின்றி விலக்குதலும், பெரும்பயன் பெறுபவரே உயிலைத் தயாரிப்பதில் முன்னிற்பதும் அத்தகைய சூழல்களே. அன்போடு உடனிருந்து கவனித்த மகளே வழக்குரைஞரை அழைத்து வந்து, தட்டச்சு செய்வித்து, தமக்கே எழுதிக்கொண்டது போலத் தோன்றினால், உண்மையான உயிலும் ஐயத்துக்கு ஆளாகும்.

மனைவிக்கு எழுதும்போது ஒரு பழக்கம் நம் வீடுகளில் நிலவுகிறது. "என் மனைவி தன் ஆயுள் வரை ஆண்டு அனுபவிக்க வேண்டியது, விற்க உரிமையில்லை, அவர் காலத்துக்குப் பின் மகனுக்கு" என்று எழுதுவர். மனைவியிடம் நம்பிக்கையின்மையோ, மறுபடியும் கொடுப்பதில் தயக்கமோ, எதுவாயினும் எனக்கு இது உடன்பாடு அன்று. எழுபது வயதுப் பெண்மணி மருத்துவச் செலவுக்குத் தம் வீட்டின் ஒரு பகுதியையும் விற்க இயலாமல் மகன் முகம் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. சட்டத்திலும் இது சிக்கலானது. பராமரிப்பு உரிமைக்கு ஈடாக அளிக்கப்பட்ட வரம்புள்ள உரிமை முழு உரிமையாக வளர்ந்துவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் தீர்ப்பாயிற்று. எது பராமரிப்புக்கு ஈடு, எது அன்று என்று அதன் பின் எத்தனையோ வழக்குகள் நடந்தன. கொடுப்பதாயின் முழுமையாகக் கொடுங்கள். நமக்குரிய பழைய சட்ட நூல்களே கைம்பெண்ணுக்கு முழு உரிமை தந்தன என்று சற்று முன் கூறினேன்.

உயிலைப் பதிவு செய்ய வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் வினா. கட்டாயம் இல்லை. பதியாத உயிலும் செல்லும். பதிந்த உயிலைப் பின்னர் எழுதும் பதியாத உயில் மாற்றிவிடவும் கூடும். கடைசி உயிலே நிற்கும். ஆயினும் சார்பதிவாளர் முன் நேரில் சென்று, அடையாளம் காட்டிப் பதிந்த உயிலைப் போலி என்று மறுப்பது எளிதன்று. ஆதலால் பதிவையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது புரொபேட். உயிலை நீதிமன்றம் ஆராய்ந்து, இது மெய்யான, கடைசியான உயில் என்று முத்திரையிட்டு, நிறைவேற்றுநருக்கு வழங்கும் ஆவணமே புரொபேட். நிறைவேற்றுநர் என்பவர் உயிலின்படி கடன்களை அடைத்து, பொருளைப் பங்கிட்டுக் கொடுக்க உங்களால் உயிலில் நியமிக்கப்படுபவர். அவரை நியமிக்க மறவாதீர்கள். நியமிக்காவிட்டால் புரொபேட் கிடைக்காது, நிர்வாக உரிமை ஆவணம் என்ற வேறொன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பல்லாண்டுகளாகச் சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மாநகரங்களுக்கு ஒரு தனி விதி இருந்துவந்தது. அங்கு எழுதப்பட்ட உயிலுக்கும், அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றி வேறெங்கு எழுதப்பட்ட உயிலுக்கும், இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் என்பாரிடையே புரொபேட் பெறாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர இயலாது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு அது. இதனால், திண்டிவனத்து நிலத்தைப் பற்றித் திண்டிவனத்தில் எழுதிய உயில் இலகுவாகச் சென்றது. மயிலாப்பூர் வீட்டைப் பற்றி எழுதியது உயர் நீதிமன்றப் படியேறிற்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் நீக்கல் மற்றும் திருத்தச் சட்டத்தின் வழியாக அப்பிரிவை நீக்கிவிட்டது. புரொபேட் இனிக் கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லை என்பதால் பயனில்லை என்று கொள்ளற்க. வாரிசுகளுள் கருத்து வேறுபாடு இருக்குமானால், பெருந்தொகையும் பங்குப் பத்திரங்களும் அடங்கியிருக்குமானால், புரொபேட் பெற்றுவிடுதல் அறிவுடைமை. ஒருமுறை அது வழங்கப்பட்டால் உயிலின் மெய்ம்மையை அதன் பின் யாரும் வேறிடத்தில் எழுப்ப முடியாது. மூல உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் பட்டியல், சாட்சி ஒருவரின் உறுதிமொழி ஆவணம் ஆகியவற்றுடன் மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்ய வேண்டும். வாரிசுகளுக்கு அறிவிப்புச் செல்லும். நாளிதழில் விளம்பரமும் வரும். எவரும் மறுக்காவிட்டால் ஆவணம் வந்துவிடும். மறுப்பவர் வந்தால் மனு வழக்காக மாறி ஆண்டுகள் ஓடும். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: உயில் மெய்யா என்பதை மட்டுமே அந்நீதிமன்றம் பார்க்கும். சொத்து எழுதியவர்க்கு உரியதா என்பது அங்கு முடிவாகாது.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றைக் குழப்பிக்கொள்பவர் பலர். முதலாவது யார் யார் வாரிசுகள் என்று காட்டும். இரண்டாவது வைப்புத்தொகை, கடன், பத்திரங்கள் முதலியவற்றை வசூலிக்க உதவும். மூன்றாவது வருவாய்த் துறைப் பதிவு. மூன்றில் எதுவும் சொத்துரிமையை உண்டாக்குவதில்லை.

நியமனதாரர் பற்றிய மயக்கம் இவற்றினும் பெரிது. வங்கியில் மூத்த மகனின் பெயரை நாமினியாக எழுதிவிட்டால் பணம் அவருக்கே என்று தந்தை எண்ணுகிறார், மகனும் எண்ணுகிறார். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான். பெற்றதை வாரிசுகளுக்கு உரியபடி கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆயுள் காப்பீட்டில் 1983இலும், நிறுவனப் பங்குகளில் 2023இலும் உச்ச நீதிமன்றம் இதனையே உறுதிசெய்தது. காப்பீட்டில் மட்டும் 2015இன் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாயின் அவர்களுக்கே பயன் சேரும். வங்கிக் கணக்கில் இப்போது நால்வர் வரை நாமினி வைக்கலாம். நாமினியும் உயிலும் ஒரே திசையில் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிலுக்குப் பதிலாக வாழ்நாளிலேயே தான செட்டில்மெண்ட் எழுதிவிடலாமா என்பது அடுத்த வினா. செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறும். பின்னர் வருந்திப் பயனில்லை. உயிலை மாற்றலாம், கிழித்தெறியலாம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, அதன் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு பெற்றுக்கொண்டு கைவிட்டால் அப்பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். அவ்வாறு செட்டில்மெண்ட் எழுதினால் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், குடியிருக்கும் வீட்டை மட்டும் உயிர் உள்ளவரை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்பேன். மகன் நல்லவனாக இருக்கலாம். அவன் பட்ட கடனுக்கு அவ்வீடு ஜப்தியாகலாம் அல்லவா?

நம் சமூகத்துக்கே உரிய இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, அறக்கொடை. உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்தை வலியுறுத்தும் மரபினராதலால், உயிலில் ஒரு பகுதியை அறத்துக்கு வைக்கும் வழக்கம் நம்மிடம் மிகுதி. ஆனால் "எஞ்சியது தருமத்துக்கு" என்று மட்டும் எழுதிவிட்டு இறந்தவர்களின் கொடை வீணாயிற்று. தருமம் என்ற சொல் எதனைக் குறிக்கிறது என்று வரையறுக்க இயலாமையால் அத்தகைய கொடை செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1899இலேயே தீர்த்துவிட்டது. எனவே எந்த ஜினாலயத்துக்கு, எந்த ஊர், அங்குள்ள எந்தப் பணிக்கு, எவர் பெற்று நடத்துவது என்று எழுதுங்கள். அறக்கட்டளைக்கு எனில் பதிவான பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஊரார் அழைக்கும் பெயர் ஒன்றாகவும் பதிவேட்டில் உள்ள பெயர் வேறாகவும் இருக்கும். மேல்சித்தாமூரிலும் திருமலையிலும் பொன்னூரிலும் ஒரே நோக்கமுடைய அமைப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதை நினைவிற்கொள்க.

மற்றொன்று, சற்றுத் தயக்கத்தோடு கூறுவது. நம் பெரியோருள் சிலர் இறுதிக் காலத்தில் சல்லேகனை விரதம் ஏற்கின்றனர். ஏற்குமுன் பற்றையும் பகையையும் விட்டு, சுற்றத்தாரிடம் பொறுத்தருள வேண்டி, பொருளை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஆகம முறை. அம்முறையில் சட்ட நுட்பமும் உள்ளது. உணவு சுருங்கி உடல் தளர்ந்த நாள்களில் எழுதிய உயிலை, மனம் தெளிவாக இருந்ததா என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேள்விமேல் கேள்வி கேட்பார். விரதத்தின் தூய்மையே சாட்சிக் கூண்டில் நிற்க நேரும். 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைக் குற்றச் செயலாகக் கருதியதும், அதே ஆகஸ்ட் மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் தாங்கள் அறிந்தவையே. ஆதலின் உயில் விரதத்துக்கு நெடுநாள் முன்னதாக, உடல் நலத்தோடு இருக்கும்போதே எழுதிப் பதிவாகி இருக்கட்டும். மருத்துவர் ஒருவரின் சான்றும் உடனிருந்தால் மிக நன்று.

நேரம் ஆகிவிட்டது. பேச்சின் இடையில் சீட்டாக வந்த இரண்டு வினாக்களுக்கு விடை கூறி அமர்கிறேன்.

ஒரு தாயார் கேட்கிறார்: "ஊர் நிலத்துக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுமாறு அண்ணன் கேட்கிறார். மறுத்தால் உறவு முறியும். என்ன செய்வது?" அம்மா, விடுதலைப் பத்திரம் தாங்கள் மனமுவந்து செய்யும் கொடை. கையெழுத்திடுவது தங்கள் விருப்பம், மறுப்பதும் தங்கள் உரிமை. கையெழுத்திடுமுன் வில்லங்கச் சான்றிதழும் பத்திரத்தின் நகலும் வாங்கிப் படியுங்கள். நிலத்தின் மதிப்பையும் தங்கள் பங்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பின்னும் அண்ணனுக்கே விட்டுக்கொடுக்க மனம் இசைந்தால் விட்டுக்கொடுங்கள். பங்கு இல்லை என்று எண்ணிக் கையெழுத்திடுவதும், பங்கு உண்டு என்று அறிந்து விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல. பத்திரத்தில் பெறாத தொகையைப் பெற்றதாக எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொருவர், எழுதிய உயிலை எங்கு வைப்பது என்று கேட்கிறார். தம் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுவது போன்றது. மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் உயிலை வைப்பாக ஒப்படைக்கச் சட்டம் வழி செய்துள்ளது. உயிருடன் இருக்கும்வரை தாங்களே அதனைத் திரும்பப் பெறலாம். தங்கள் காலத்துக்குப் பின் விண்ணப்பித்தால் பதிவாளர் உறையைத் திறந்து பதிவு செய்வார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உயிலாயின், தங்கள் வாழ்நாளில் தங்களுக்கும் தாங்கள் அதிகாரம் அளித்தவர்க்கும் அன்றிப் பிறர்க்கு நகல் தரமாட்டார்கள். எனவே எழுதியது வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிறைவேற்றுநரிடம் மட்டும் பதிவு எண்ணையும் ஆண்டையும் அலுவலகத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.